மோர்ப்பானைச் சுவர்

ஜூன் 9

காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரம் துடைத்தேன். மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள் என்று பேர். தோண்டுகிற மண்ணில் பாதி எங்கள் துவரம்பருப்பின் மேல்தான் வந்து உட்காருகிறது. இவர் கல்லாவில் இருந்தபடியே, "விடு வல்லி, சாயங்காலம் மொத்தமா துடைச்சுக்கலாம்" என்றார். இவருக்கென்ன, அழுக்கு கண்ணில் படாத பிறவி. எனக்கு ஒரு தூசி தெரிந்தால் சோறு இறங்காது.

பதினோரு மணிக்கு நிரஞ்சன் போன் செய்தான். கட்டடத்துச் சொந்தக்காரர் வேதாந்தம் சாரின் பையன், அமெரிக்காவில் இருக்கிறான். சார் போன தை மாதம் தவறிவிட்டார். "அண்ணாச்சி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். பில்டர்கிட்ட பேசியாச்சு. ஜனவரிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தேள்னா நன்னாயிருக்கும்." மரியாதையாகத்தான் பேசினான். குறை சொல்ல வழியில்லாமல் பேசுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

எழுபத்தாறு வருஷம். மாமனார் விருதுநகரிலிருந்து வந்து மாட வீதி முனையில் திறந்த கடை. 'சுப்புராயன் ஜெனரல் ஸ்டோர்ஸ்'. அரிசி முதல் அரைஞாண் கயிறு வரை. ஆள் வைத்து நடத்திய காலம் போய் இப்போது இவரும் நானும்தான். மகள் லாவண்யா கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு இவர் ஒரு கிலோ ரவை நிறுத்துக் கொடுத்தார். தராசு முள் நடுவில் நின்றது. நான் பார்த்தேன்.

ஜூன் 10

இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே களைத்துப் போனோம்.

ஜூன் 21

சாம்பிராணி வாங்க வந்த ஒரு பெண் முக்கால் மணி நேரம் கடைக்குள் நின்றாள். நிஷா என்று பெயர். ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ். பழைய கட்டடங்களை இடிக்க விடாமல் காப்பாற்றுவது தொழிலாம். இப்படி ஒரு தொழில் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அவள் பார்த்தது தராசையும் இல்லை, மர இழுப்பறைகளையும் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை.

அறுபத்துமூவர் திருவிழா அன்று கடை வாசலில் மோர் கொடுப்பது எங்கள் வழக்கம். 1950-ல் மாமனார் ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் கடைசிப் பானையைக் கவிழ்த்ததும், அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் வருஷம், எத்தனை பானை, கூட ஒரு வார்த்தை எழுதுவார். அவருக்குப் பிறகு இவர் எழுதுகிறார். '1950 – 3 பானை – பத்தவில்லை.' '1961 – 9 – நல்ல வெயில்.' '1978 – 11 – மழை, மீதி.' '1999 – இல்லை – அம்மா காரியம்.' 2020, 2021 இரண்டுக்கும் எதிரே வெறும் 'இல்லை'. இந்த வருஷம் 22.

1987-க்கு எதிரே இப்படி இருக்கிறது: '15 – வல்லி கரைத்தது, உப்பு கூட.' நான் கல்யாணமாகி வந்த வருஷம். அன்றைக்குக் குடித்தவர்கள்கூட மறந்திருப்பார்கள். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாகச் சீரகம் வாங்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நிஷாவும் சிரித்தாள்.

"வேற பழைய நோட்டு, காயிதம் ஏதாவது இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை. எந்த வீட்டுக்கு எந்த அரிசி, யாருக்குக் காபித்தூளில் எவ்வளவு சிக்கரி என்று எழுதி வைக்கும் வாடிக்கை நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு சித்திரை முதல் தேதியும் அதைப் புது நோட்டில் பெயர்த்து எழுதி, மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்துவிட்டு, பழையதை எடைக்குப் போட்டுவிடுவோம். "பழைய நோட்டை வச்சிருந்தா கரப்பான்தான் மிச்சம்" என்பார் மாமனார். நான் வந்த நாளிலிருந்து பெயர்த்து எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

"அப்போ இந்தச் சுவர் மட்டும்தான் இருக்கு" என்றாள் நிஷா.

ஜூலை 5

நிஷா மனு எழுதிக்கொண்டு வந்தாள். மரபுக் கட்டடம் என்று பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாதாம். கடை கடையாகவே இருக்கும். நிரஞ்சனிடமும் பேசியிருக்கிறாள். "லிஸ்ட் ஆயிடுத்துன்னா நான் சண்டை போட மாட்டேன்" என்று சொன்னானாம். வேதாந்தம் சார் வளர்த்த பிள்ளை, அவ்வளவு இருக்கும்.

"கட்டடத்துல பெருசா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. முகப்பை எண்பத்தஞ்சுலயே மாத்திட்டாங்க. ஆனா ஒரு கடை தான் செஞ்ச தர்மத்தைத் தானே வருஷா வருஷம் எழுதி வச்சிருக்கு பாருங்க, இந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. இதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

மதிப்பாம். துவரம்பருப்புக்கு மதிப்பு உண்டு, பெருங்காயத்துக்கு உண்டு. அடுப்புக்கரிக்கு என்ன மதிப்பு என்று நான் கேட்டேன். இவர் என்னை முறைத்தார். அப்புறம் அவள் போன பிறகு ஏணி போட்டு ஏறி, மேல் வரிசையில் இருந்த சிலந்தி வலையை மெதுவாக ஊதி எடுத்தார். இந்த மனுஷன் தூசி தட்டி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூட. அந்த போன் வந்ததற்கு அப்புறம் இன்றைக்குத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 29

இவருடைய வலது முட்டி இனி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி மாற்றும் ஆபரேஷன், ஆகஸ்ட் நாலாம் தேதி. தள்ளிப் போடலாம் என்று இவர். நொண்டிக்கொண்டே எத்தனை நாள் என்று நான். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். எப்போதும் நான்தான் ஜெயிக்கிறேன்.

ஆகஸ்ட் 4

நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கடையைப் பூட்டிட்டு வந்தியா?"

ஆகஸ்ட் 9

மரபுக் கட்டடப் பட்டியல் போடுகிற குழுவிலிருந்து போன். இருபத்தோராம் தேதி காலை பத்தரைக்குப் பார்க்க வருகிறார்களாம். மூன்று பேர். நிஷா டெல்லியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், அன்றைக்குத்தான் நேராக வருவாளாம். "ஆல் தி பெஸ்ட் ஆன்ட்டி" என்று மெசேஜ், கூடவே கைகூப்பும் படம்.

இவர் இன்னும் ஆஸ்பத்திரியில். அடுத்த வாரம்தான் வீடு. மந்தைவெளி வீட்டில் இரண்டு மாடி ஏறிவிட்டார் என்றால் ஒரு மாதத்துக்கு இறங்க முடியாது. ஆக, வருகிறவர்களுக்கு நான் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். நாலு நாள் மழையில் பின்சுவர் ஊறியிருக்கிறது. உப்புப் பூத்து, காரை பொருபொருவென்று உதிர்கிறது. 1970-க்குக் கீழே கையை வைத்தால் கையோடு வருகிறது. இழுப்பறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இந்த லட்சணத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் கடையைக் காப்பாற்றுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணைத் தலை சீவாமல் நிறுத்துவோமா?

ஆகஸ்ட் 11

அசோகனைக் கூப்பிட்டுவிட்டேன். நொச்சிக்குப்பத்துப் பெயின்டர், பொங்கலுக்குப் பொங்கல் நம் வீட்டுக்கு அடிக்கிறவன். சுவரைத் தட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, செத்துப் போச்சு இது. மேல அட்ச்சா ஒரு மாசம் நிக்காது. கொத்தி எட்த்துட்டு சிமென்ட் பூசிக்கினு பெயின்ட் அட்ச்சாதான் அம்சமா இருக்கும்."

சுவரில் எழுதியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே நிமிஷம்தான். எழுத்துதானே முக்கியம்? சுவர் என்பது பழைய நோட்டு. பெயர்த்து எழுதிவிட்டால் போகிறது.

இன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் படித்து, பெரிய வெள்ளை அட்டையில் மசிப் பேனாவால் எழுதினேன். எழுபத்தாறு வரி. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அழிந்துபோன வரிகளைக்கூட பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன்.

1987-ல் மட்டும் '15' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். பெரிய மனுஷர்கள் வருகிற இடத்தில் அது எதற்கு?

ஆகஸ்ட் 16

முடிந்தது! சுவர் பால் வெள்ளை. இழுப்பறைகளுக்குச் சந்தன நிறம். அசோகனும் அவன் மச்சானும் நாலு நாள் நின்று வேலை செய்தார்கள். காரையைப் பத்துப் பன்னிரண்டு மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனான். சட்டம் போட்ட அட்டையை நடுச் சுவரில் மாட்டினேன். கோயில் கல்வெட்டுக்குப் பக்கத்தில் போர்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஜம்மென்று இருக்கிறது.

இவரை இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 21

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் இருந்தால் தூங்க முடியாது.

பத்தரைக்குச் சரியாக வந்தார்கள். ரிட்டயரான பெரியவர் ஒருவர், ஒரு அதிகாரி அம்மா, நிஷா. வாசலில் கோலம், நாற்காலி, பன்னீர் சோடா எல்லாம் தயாராக வைத்திருந்தேன். நிஷாதான் முதலில் உள்ளே நுழைந்தாள். நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அசந்து போனாள் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு பெருமை!

பெரியவர் ஃபைலைப் புரட்டினார். "இங்க ஒரு சுவர் இருக்கறதா எழுதியிருக்கு..."

"இதோ சார்" என்று சட்டத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "எல்லாத்தையும் பத்திரமா எடுத்து எழுதிட்டேன். ஒரு வருஷம் விடல. சுவர் ரொம்ப மோசமா இருந்துச்சு, கொத்திட்டுப் புதுசா பூசியாச்சு."

பெரியவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். எழுபத்தாறு வரியையும் படித்தார். "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அவ்வளவு அன்பாக அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

நிஷா தன் போனில் பழைய படத்தைத் தேடி எடுத்து, அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தாள். "ஆன்ட்டி, எண்பத்தேழுல 'உப்பு கூட'ன்னு இருந்துச்சே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமனார் கை அந்தச் சுவரில் இருந்தது. அட்டையில் என் கைதான் இருக்கிறது. எனக்குப் பிடிக்காததை நான் விட்டுவிட்டேன். நான் விட்டதை இனி யாராலும் அந்தச் சுவரில் போய்ப் பார்க்க முடியாது. அது நோட்டு இல்லை. அது நோட்டே இல்லை.

"உங்ககிட்ட படம் இருக்கே, அது போதாதா?" என்று கேட்டேன். போட்டோவை வைத்துக் கட்டடத்தைப் பட்டியலில் ஏற்ற முடியாது என்றார் அந்த அதிகாரி அம்மா. அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

நிஷா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் சொல்லியிருக்கணும் ஆன்ட்டி. எதையும் தொடாதீங்கன்னு சொல்லணும்னே எனக்குத் தோணல." பாவம், அவளுக்கு எப்படித் தோன்றும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சொல்வார்கள். பிடித்தது நான்.

பன்னீர் சோடாவை யாரும் குடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22

காய்ச்சல் மாதிரி இருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை.

ஆகஸ்ட் 23

நொச்சிக்குப்பம் போனேன். காரை மூட்டைகளை என்ன செய்தான் என்று அசோகனிடம் கேட்க வேண்டும். கேட்டு என்ன செய்யப் போகிறாய் என்று ஆட்டோவில் போகும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். பொறுக்கி எடுத்து ஒட்டவா முடியும்? தெரியாது. போனேன்.

ரோட்டோரம் மீன் விற்கிறவர்களைத் தாண்டி, அவன் வீட்டுச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மழையில் பள்ளம் விழுந்திருந்ததாம், அதில் கொட்டி நிரவிவிட்டார்கள். தரையோடு தரையாக இருந்தது. அதன் மேல் ஒரு பெண் பிளாஸ்டிக் கூடையை வைத்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கையால் கிளறினேன். சுண்ணாம்பு, மணல், செங்கல் துகள். கறுப்பாக ஒரு கோடுகூட இல்லை. மாவாகப் போயிருந்தது.

"சொல்லியிருந்தா பத்திரமா எட்த்து வச்சிருப்பனேம்மா" என்றான் அசோகன். அவன் முகம் தொங்கிவிட்டது. "நான் இன்னாத்தக் கண்டேன்? நீ அட்டைல எழுதிக்கினு இருந்தத பாத்து, இனிமே இது வேணாம் போலன்னு நெனைச்சேன்."

அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். மீன் கழுவின பெண் என் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 24

இவரிடம் சொல்லிவிட்டேன்.

காபி கொடுத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், உப்பு வரியை விட்டதையும்கூட. காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். காபி ஆறி ஏடு படிந்தது.

அப்புறம் கேட்டார்: "பூச்சு காஞ்சிடுச்சா? சிமென்ட்டுக்கு ரெண்டு நாளாவது தண்ணி அடிக்கணும்."

அடிச்சேன்னு சொன்னேன். "சரி" என்றார். ஏங்க, திட்டுங்களேன். ஒரு வார்த்தை திட்டித் தொலைச்சா என்ன? முண்டம்னு சொல்லுங்களேன்.

செப்டம்பர் 18

கம்பு ஊன்றிக்கொண்டு இன்று முதல் தடவை கடைக்கு வந்தார். சுவரின் முன்னால் நின்று உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். "வழவழன்னு இருக்கு" என்றார். கல்லாவில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஆள் வராத நேரத்தில் பின்னால் திரும்பிச் சுவரைப் படித்துக்கொண்டிருப்பார். இன்று ஒரு தடவை திரும்பினார். உடனே தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நான் உளுத்தம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3

ஒன்று ஆச்சரியமாக இருக்கிறது. விஷயம் மாட வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. பூக்காரம்மாவுக்குத் தெரியும், பாத்திரக் கடைக்காரருக்குத் தெரியும், சுப்புலக்ஷ்மி மாமிக்குத் தெரியும். மாமி மூன்று தலைமுறை வாடிக்கை, நாக்கில் மிளகாய் அரைக்கிறவர். ஆனால் ஒருத்தர்கூட என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ வல்லி" என்கிறார்கள். மாமி என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் பழகியதற்கு இவ்வளவு பெரிய மனசா? நான்தான் இவர்களையெல்லாம் ஏதேதோ நினைத்திருந்தேன்.

இவரிடம்தான் கொஞ்சம் விறைப்பாகப் பேசுகிறார்கள். கடை போகிற வருத்தம் போல.

அக்டோபர் 27

கடிதம் வந்துவிட்டது. அரைப் பக்கம். முகப்பு ஏற்கெனவே மாற்றப்பட்டது, உட்புறம் முழுவதும் அண்மையில் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, எனவே பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு மரபு மதிப்பு எஞ்சவில்லை.

எஞ்சவில்லை. இவர் இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 15

வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். எந்த வீட்டுக்கு எந்த அரிசி என்று எழுதின நோட்டு இருக்கிறதே, அதை இனி யாரிடம் கொடுப்பது? அவரவர் பக்கத்தைக் கிழித்து அவரவரிடம் கொடுக்கச் சொன்னார் இவர். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர், எதுக்கு அண்ணாச்சி, இப்போல்லாம் போன்லயே ஆர்டர் பண்ணிக்கிறோமே என்றார்கள்.

டிசம்பர் 8

தராசை ஒரு ஓட்டல்காரர் அலங்காரத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். இழுப்பறைகளைப் பார்க்க வந்த பழைய மரச்சாமான் வியாபாரி முகத்தைச் சுளித்தான். "பெயின்ட் அடிக்காம இருந்தா நல்லா போயிருக்கும்." தெரியும்ப்பா. எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 11

சாவி கொடுத்தாயிற்று. நிரஞ்சன் நேரில் வந்திருந்தான். "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ தெரியல" என்றான். இவர் அவன் தோளைத் தட்டினார். ஷட்டரை இழுக்கும்போது முட்டி மடங்கவில்லை என்று என்னை இழுக்கச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் கடையைப் பூட்டியது நூறு தடவைகூட இருக்காது. எல்லாம் அவர் வேலை. இன்றைக்கு நான் பூட்டினேன்.

பிப்ரவரி 20

இடித்துவிட்டார்களாம். பூக்காரம்மா போனில் சொன்னாள். நாங்கள் போகவில்லை.

மார்ச் 17

கொடியேற்றம் நெருங்குகிறது. மோர் பற்றி இவர் பேச்செடுப்பார் என்று பார்க்கிறேன். எடுக்கவில்லை. இருபத்திரண்டு பானையும் லாவண்யா வீட்டு மொட்டை மாடியில் இருக்கின்றன. செடி வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மார்ச் 30

அறுபத்துமூவர். கூட்டத்தில் முட்டி தாங்காது என்று இவர் வரவில்லை. நான் மட்டும் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று மணிக்கு மேல் வீட்டில் கை ஓடவில்லை.

கடை இருந்த இடத்தைச் சுற்றி நீலத் தகரம் அடித்திருக்கிறார்கள். அதன் முன்னால் யாரோ ஒரு பெரிய ஜவுளிக் கடைக்காரர் பந்தல் போட்டு, மோரைப் பாக்கெட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

நாயன்மார் பல்லக்குகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோது சுப்புலக்ஷ்மி மாமி என்னைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ஆத்துக்காரர் கருணாகரன் எப்படி இருக்கார்? நான் இன்னும் அவர்மேல கோவமாத்தான் இருக்கேன், சொல்லிடு. எழுபது வருஷத்துச் சுவத்தைப் போய் ஒரு மனுஷன் கொத்தச் சொல்வாரோ? ஆஸ்பத்திரில படுத்துண்டே போன்ல உத்தரவு போட்டாராமே! நீ வேண்டாம் வேண்டாம்னியாம், கேக்கலையாம். அவரே சொன்னார் எங்கிட்ட. 'எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு மாமி, வல்லியை ஒண்ணும் கேட்டுடாதீங்கோ, அவ ஏற்கெனவே உடைஞ்சு போயிருக்கா'ன்னார். அதான் நாங்க யாரும் உங்கிட்ட வாயே திறக்கல."

நாங்கள் என்றால் யார் யார்? எல்லாரும்தான். பூக்காரம்மாவிடம், பாத்திரக் கடையில், நிரஞ்சனிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் கம்பு ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாரே, நடந்து பழகுகிறேன் என்று, அப்போது.

மயிலாப்பூரே என்னை மன்னித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, கொத்தச் சொன்னது நான்" என்றேன். மேளச் சத்தத்தில் மாமிக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்திச் சொன்னேன். மாமி என் கன்னத்தைத் தட்டி, "புருஷனை விட்டுக் குடுக்க மாட்டியே நீ" என்றார். பல்லக்கு வந்துவிட்டது. எல்லாரும் கும்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். இவர் ஈசிச் சேரில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்னீக? உங்களை யாரு சொல்லச் சொன்னா? ஊரெல்லாம் உங்களைப் பேசுது, நான் பாட்டுக்குத் தலை நிமிர்ந்து நடந்துக்கிட்டிருக்கேன். எனக்கு எப்படி இருக்கும்?"

கண்ணாடியைக் கழற்றினார். "வேற எப்படிச் சொல்றது?"

"நடந்ததைச் சொல்றது!"

"நடந்ததுதான். நான் கடைல இருந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் வல்லி. பெரிய மனுஷங்க வர்றாங்கன்னா ஊறிப்போன சுவத்தையா காட்டுறது? நானும் கொத்தத்தான் சொல்லியிருப்பேன்." இவ்வளவும் சொல்லிவிட்டு, "கூட்டம் எப்படி? மோர் யாரு குடுத்தா?" என்றார்.

சொன்னேன். பாக்கெட்டா என்று கேட்டுச் சிரித்தார்.

ஏணி போட்டு ஏறிச் சிலந்தி வலையை ஊதி எடுத்தவர் இவர். இவரா கொத்தச் சொல்லியிருப்பார்? மெய்யா, பொய்யா? முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொன்னால் இந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.